ஒன்பதாவது நாற்காலி

நாலுக்கு நாலு சார்! நாலுக்கு நாலு! இந்தக் கருமத்த வெச்சுக்கிட்டு ஒரு ஹைகோர்ட்ட பதினோரு மாசமா ஓட்டிட்டிருக்காங்கன்னா... அட, அங்க உட்காராதீங்க, வெயில் மூஞ்சில அடிக்கும். இப்படி என் பக்கத்துல வாங்க. பையக் கீழ வைங்களேன். வேண்டாமா? சரி, மடியிலயே இருக்கட்டும். கேஸ் கட்டா? இங்க வர்ற எல்லாரும் அப்படித்தான், பச்சப்புள்ளையக் கட்டிக்கிட்ட மாதிரி உட்கார்ந்திருப்பாங்க.

எந்த ரூம்ல உங்க கேஸு? சொல்ல இஷ்டமில்லையா... பரவால்ல. ஆனா ஒண்ணு கேட்டுக்குங்க. இங்க கேஸ் என்னன்னு ஒருத்தனும் கேக்க மாட்டான், எந்த ரூம்னுதான் கேப்பான். வடக்கு வராந்தாவுல நாலு ஜட்ஜுங்க, பழைய ஆட்சியில போட்டவங்க. தெக்கு வராந்தாவுல நாலு பேரு, இப்ப இருக்கற ஆட்சி போட்டது. வேலைய விட்டுத் தூக்கிட்டான்னு அழுதுக்கிட்டு வந்தீங்கன்னா வடக்கு கெடைக்கணும்னு வேண்டிக்குங்க. நீங்களே தூக்கின ஆளா இருந்தா தெக்கு. கோவிச்சுக்காதீங்க, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்!

நான் யாரா? நல்லா கேட்டீங்க போங்க. என் கையில இருக்கற இந்தக் கோலப் பாருங்க, பூண் போட்டது. ஜட்ஜு உள்ள போறப்ப இதப் புடிச்சுக்கிட்டு முன்னால நடக்கறவன் நான்தான். இருபத்தெட்டு வருஷமா நான் நகர்ந்தாத்தான் நீதியே நகரும்.

ஜட்ஜுங்கள நான் குறை சொல்லல சார். எட்டுப் பேருல ஒருத்தரும் கை நீட்டற ஆளில்ல. மனசார நியாயம்னு நெனச்சுத்தான் எழுதறாங்க. அதுதான் கொடுமையே! காசு வாங்கினா மாட்டி விட்டுடலாம். மனசார நெனக்கற ஆள என்ன பண்றது? தனக்குத் தோதா நெனக்கறவரா பாத்து அரசாங்கம் முன்னாடியே பொறுக்கி எடுத்துடுது. அதுவும் எப்படி? சின்ன வயசா! ஆட்சி அஞ்சு வருஷத்துல மூட்டையக் கட்டிடும், ஜட்ஜு இருபத்தஞ்சு வருஷம் ஆணி அடிச்ச மாதிரி இருப்பாருல்ல? கடைசியா வந்தவருக்கு மீச இன்னும் சரியா மொளைக்கல. அடுத்த தடவ தொட்டிலோட அனுப்பிடுவாங்க, நான்தான் ஆட்டணும்.

ஒரே ஒரு தடவ அரசாங்கத்தோட கணக்கு தப்பிடுச்சு. வடக்குல இருமல் ஐயான்னு ஒருத்தர். இப்பவும் இருக்காரு, இருமிக்கிட்டேதான் தீர்ப்பு சொல்வாரு. 'நம்ம ஆளு, நம்ம ஆளு'ன்னு கொண்டாந்து உட்கார வெச்சாங்க. முதல் வாரமே அவங்க கட்சி ஆபீஸ இடிக்கச் சொல்லிட்டாரு, வாய்க்கால் மேல கட்டியிருந்தாங்களாம்! அன்னைக்கு இருந்த மந்திரி இதே இடத்துல என் தோள்ல சாஞ்சு அழுதாரு சார். 'கல்யாண வீட்டுல நல்லாத்தானே பேசினாரு'ங்கறாரு. சட்டையெல்லாம் ஈரம்.

எங்க விட்டேன்? ஆங், நாலுக்கு நாலு. ஒன்பதாவது ஐயா ஓய்வுல போயி பதினோரு மாசமாச்சு. இந்தத் தடவ ஜட்ஜத் தேர்வு பண்ற குழுவுல ரெண்டு கட்சியும் உண்டா... இவங்க ஒரு பேரு சொன்னா அவங்க மூஞ்சியச் சுளிக்கறது, அவங்க ஒரு பேரு சொன்னா இவங்க எழுந்து போறது. கோர்ட்டுல ஜட்ஜுங்க சரிபாதியா பிரிஞ்சா என்ன விதி தெரியுமா? இருக்கறது இருக்கற மாதிரியே இருக்கணும். சொல்றப்ப நல்லாத்தான் இருக்கு. பெரிய ஹால்ல சுவர்க் கடிகாரம் இருபது நிமிஷம் வேகமா ஓடுது. திருத்தலாமான்னு கேட்டா வடக்கு நாலும் திருத்துன்னாங்க. உடனே தெக்கு நாலும் திருத்தாதேன்னாங்க. இன்னைக்கு வரைக்கும் ஓடுது. ஒரு வக்கீலு கைக்கடிகாரத்த நம்பி சரியான நேரத்துக்கு வந்தாரு, கேஸு தள்ளுபடி.

அத விடுங்க, பூனை கதையக் கேளுங்க! ஒரு மத்தியானம் ஹாலுக்குள்ள பூனை பூந்துடுச்சு. வெரட்டலாம்னு கோல எடுத்தேன். 'இரு, உத்தரவு வரட்டும்'னாங்க. நாலுக்கு நாலு! இருக்கறது இருக்கற மாதிரியே இருக்கணும்னு அதுவும் இருந்துச்சு. குட்டி போட்டுச்சு சார், மூணு! இது இருக்கற மாதிரியில சேருமா, சேராதான்னு ஒரு வக்கீலு எழுந்து நின்னு ஒன்றரை மணி நேரம் வாதாடினாரு. அதுவும் நாலுக்கு நாலு. இப்ப ஒரு குட்டி, ஐயா மேசையில கேஸ் கட்டு மேல படுத்திருக்கு. அந்தக் கேஸ எடுக்கவே முடியல.

சிரிக்கறீங்க. சிரிங்க, சிரிங்க. இந்த நாலுக்கு நாலுல என் கழுத்தும் மாட்டியிருக்கு, தெரியுமா? கோர்ட்டு ஊழியருங்க அறுபது வயசுல ஓய்வு பெறணும்னு இருந்தத போன வருஷம் அம்பத்தெட்டா குறைச்சுட்டாங்க. எனக்கு இந்த மாசக் கடைசியில அம்பத்தெட்டு! ஏழு பேரு சேர்ந்து கேஸ் போட்டோம், மனுவுல முதல் பேரே என்னோடதுதான். என்னாச்சு? அதேதான். நாலுக்கு நாலு, அம்பத்தெட்டு நிக்குது. ஒன்பதாவது ஆளு வந்ததும் ஒம்போது பேரும் உட்கார்ந்து திரும்பக் கேப்பாங்க, வர்ற வியாழக்கிழமை. அவரு ஒருத்தரு சரின்னுட்டா எனக்கு ரெண்டு வருஷம் சார்! மக படிப்பு முடிஞ்சிடும். அதுகூட ஒரு பக்கம்... வீட்டுல போய் உட்கார்ந்தா நான் யார்கிட்ட பேசுவேன், சொல்லுங்க? நான் வாசல்ல செருப்பக் கழட்டறப்பவே என் பொண்டாட்டி காதுல பஞ்ச வெச்சுக்கறா. மச்சான் ஃபோன எடுக்கறதில்ல. இங்கதான் சார், காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் வாய்தாவுக்குக் காத்திருக்கறவங்க, எங்கயும் எழுந்து போக முடியாது... எனக்கு பயமா இருக்கு சார். நெஜமாவே பயமா இருக்கு.

நீங்களே சொல்லுங்க, வேலையில சேர்றப்ப அறுபதுன்னு சொல்லிட்டு நடுவுல மாத்தினா நியாயமா? இல்லைல்ல? தலையாட்டறீங்க பாத்தீங்களா! யாரக் கேட்டாலும் இதத்தான் சொல்லுவாங்க. பெரிய மனசு சார் உங்களுக்கு.

அந்த ஒன்பதாவது ஆளுக்குத்தான் இங்க காத்துக்கிட்டிருக்கேன். பத்தரைக்குப் பதவிப்பிரமாணம். நேத்து சாயங்காலம்தான் பேரே வந்துச்சு, படம்கூட வரல. எந்தப் பக்கத்து ஆளுன்னே யாருக்கும் தெரியல. ரெண்டு கட்சியும் அலுத்துப் போயி, யாருக்கும் தெரியாத ஒருத்தர ஒத்துக்கிச்சாம். கொடி வெச்ச கார் வரும், கதவத் தொறந்து கூட்டிட்டு வான்னு உத்தரவு. காரையே காணோமே... ஏன் சார் எழுந்துட்டீங்க? உட்காருங்க, உங்கள இப்பக் கூப்பிட மாட்டாங்க.

இதென்ன, பதிவாளர் ஐயா இப்படி ஓடி வர்றாரு? வணக்கம் ஐயா, கார் இன்னும்... உங்களுக்கா கும்புடு போடறாரு? சார்... அந்தப் பைய ஏன் பிரிக்கறீங்க? கறுப்பா... அது அங்கியா...

ஐயா! ஐயா, கார் இல்லாம பஸ்ல வந்தீங்களா? பஸ்ல வரலாமா ஐயா ஒரு ஜட்ஜு! நான் இவ்வளவு நேரம்... தொட்டிலுன்னெல்லாம்... மன்னிச்சிடுங்க. உங்கள சொல்லல, உங்களுக்கு மீச நல்லா இருக்கு ஐயா.

என்ன சொன்னீங்க? வியாழக்கிழமை... நீங்க உட்கார மாட்டீங்களா? ஏன் ஐயா?

...ஆமாம். ஆமாம் ஐயா, தெரியும். கேஸ்காரன் ஜட்ஜுகிட்ட தனியா கேஸப் பத்திப் பேசிட்டா, அந்த ஜட்ஜு அதுல இருந்து விலகிக்கணும். எனக்கா தெரியாது? ஜட்ஜு கிட்ட பேச வந்தவங்கள இந்தக் கோலாலயே எத்தனை பேர வெரட்டியிருக்கேன்! ஆனா... நீங்க ஒண்ணும் கேக்கலன்னு வெச்சுக்கலாமே? காது கொஞ்சம் மந்தம்னு... முடியாதா? தலையாட்டினீங்களே ஐயா! என் பக்கம் தலையாட்டினீங்களே!

மறுபடியும் எட்டுப் பேரு, நாலுக்கு நாலு, அம்பத்தெட்டேதான். வடக்கும் கவுக்கல, தெக்கும் கவுக்கல, ரெண்டு கட்சியும் கவுக்கல... ஒருத்தர் வந்தாரு, அவரையும் நானே பக்கத்துல உட்கார வெச்சு...

சரிங்க ஐயா. நேரமாச்சு. வாங்க, நான் முன்னால நடக்கறேன். இல்ல ஐயா, கண்ணுல தூசு.

எல்லாரும் எழுந்திருங்க! நீதிபதி வர்றாரு! பேச்ச நிறுத்துங்க! யாரும் வாயத் தொறக்காதீங்க!