கூட்டத்துக்கு முன்னால் வந்த போர்டு

காய்கிற மிளகின் வாசனை ஜன்னல் வழியே ஏறியதும், என் சின்ன வயதுச் சளிக்காலமெல்லாம் மூக்கில் திரும்பி வந்தது. மலைமேல் செம்மேட்டில் புறப்பட்ட பஸ், சாலையில் பரப்பியிருந்த மிளகுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போனது. முன் சீட்டில் ஒரு மலைக்காரப் பெண். பக்கத்தில், கீழிருந்து வேலைக்கு வந்த பெண் அதிகாரி. அதிகாரியின் மடியில் பெயிண்ட் மணக்கும் புதுப் போர்டு.

“ஏனுங்க மேடம், இனி ரோட்டுல மொளகு காயப்போடறதில்லைன்னு நாங்களே முடிவு பண்ணிட்டமாமே?”

“ஆமாம்மா. ‘ஊர் மக்கள் கூடி எடுத்த முடிவு’ன்னு போர்டுலயே எழுதியிருக்கு.”

“எப்பங்க கூடுனோம்?”

“நாளைக்குக் கூடப்போறீங்க.”

வளைவில் பஸ்ஸே சாய்ந்தது. போர்டு சாயவில்லை.

“எங்க ஊட்டச் சுத்திப் பலா நெழலுங்க. வெயில் உழுகறது ரோட்டுல மட்டுந்தான். மொளகு பூசணம் புடிச்சுதுன்னா இந்த வருசம் எங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்க.”

“அதைக் கூட்டத்துல தாராளமா சொல்லுங்க. கருத்து கேக்கத்தானே வர்றோம்.”

“சொன்னா அழிச்சுருவீங்களா?”

“அழிக்க முடியாதும்மா. கேட்டுக்குவோம்.”

அந்தப் பெண் இறங்க எழுந்தார்.

“கூட்டம் எங்கீங்க?”

“உங்க ஊர் ரோட்டுலதான். எல்லாரும் உக்கார வேற எடம் ஏது?”

“அப்பச் செரிங்க. மொளகோட வாரேன். நீங்க கருத்து கேட்டு முடிக்கறதுக்குள்ள காஞ்சிருமுங்க.”