திரையில் ஆல்வினின் கை

ரெஜினா, வயது 34, தகப்பனார் பெயர் சின்னையன், மாதா கோயில் தெரு, திருக்கழுக்குன்றம். மாமல்லபுரம் காவல் நிலையத்தில் ஆஜராகி, யாருடைய தூண்டுதலும் இன்றிச் சொல்வதாவது:

நான் மேற்படி விலாசத்தில் அம்மாவுடன் வசித்து வருகிறேன். பொத்தேரியில் ஒரு மெஸ்ஸில் பில் போடுகிறேன். என் தம்பி ஆல்வின் மாமல்லபுரத்தில் கடலோர விடுதி ஒன்றின் அலுவலகத்தில் இருந்தான். இணையத்தில் வரும் அறை முன்பதிவுகளை ஒவ்வொன்றாக விடுதியின் மென்பொருளில் ஏற்றுவது அவன் வேலை. மௌஸைத் தேய்த்துத் தேய்த்து மணிக்கட்டு வீங்கியதால், போனில் வீடியோ பார்த்து, கணினியைத் தானாக வேலை செய்ய வைக்கும் ஸ்கிரிப்ட் எழுதக் கற்றுக்கொண்டான். அவன் எழுதிய முதல் ஸ்கிரிப்ட், அவன் மௌஸை நகர்த்துவதை ஒருமுறை பதிவு செய்துகொண்டு, கணினியைப் போட்டதும் தினமும் அதையே அப்படியே திருப்பிச் செய்யும்.

அதன் பின்னர் சென்ற மாதம் நண்பர்களுடன் கடலில் குளிக்க இறங்கியவனை அலை இழுத்துச் சென்றது. உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. கல்லறையில் வைக்க எங்களிடம் ஒன்றுமில்லை.

அதன் பின்னர் அவன் பொருட்களை வாங்கிவர விடுதிக்குப் போனேன். அவன் கணினி மேல் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். கிறிஸ்தவ வேதக்காரன் உட்கார்ந்த மேசையில் இது எதற்கு என்று எனக்குக் கோபம் வந்தது. கேட்பதற்குள் மேலாளர் ஃபர்தீன் கணினியைப் போட்டார். திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. அங்கிருந்த பெண்கள் வெளியே போய்விட்டார்கள்.

நான் போகவில்லை. அம்புக்குறி தவறான பொத்தானுக்குப் போய், தயங்கி, திரும்பி வந்தது. பிறகு ஒரே இடத்தில் சின்னதாக வட்டம் போட்டது. ஆல்வின் யோசிக்கும்போது சாப்பாட்டுத் தட்டில் விரலால் அப்படித்தான் வட்டம் போடுவான். நடுவில் அது அசையாமல் வெகுநேரம் நின்று, பிறகு வேலையைத் தொடர்ந்தது.

"யக்கா, பேஜாரா கீது. புள்ளைங்க உள்ளயே வர மாட்டேன்றாங்க. நாளைக்கு எல்லாத்தையும் அழிக்கச் சொல்லிட்டேன்" என்றார் ஃபர்தீன். அந்த ஸ்கிரிப்டை மட்டும் பென்டிரைவில் போட்டுத் தரும்படி கேட்டேன். வாடிக்கையாளர் விவரம் இருப்பதால் முடியாது என்றார். அவர் டீ குடிக்கப் போனதும் ஒயர்களைப் பிடுங்கி, கணினிப் பெட்டியை மடியில் வைத்துப் பேருந்தில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எடுத்ததை மறுக்கவில்லை.

அதன் பின்னர் அதை வீட்டு டிவியில் இணைத்தேன். இணையம் இல்லாததால் திரையில் எதுவும் திறக்கவில்லை. வெறும் திரையில் அவன் கை வேலை செய்தது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்.

அது நடுவில் ஏன் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். ஆல்வினே சொல்லியிருக்கிறான்: "பதிவு போட்டுகினு இருக்கசொல்ல நீ போன் பண்ணிட்டக்கா. உன் வாய் ஓயற வரைக்கும் மௌஸு சும்மா நின்னுகினு கீது." அந்த இடம் வந்ததும் என்னை அறியாமல் அவன் எண்ணை அழுத்தினேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளதாகக் குரல் வந்தது. நான் போனை வைக்காமல் பேசினேன். வீட்டுக்கு வா என்றேன். இன்னும் நிறையப் பேசினேன். விடுதியில் பார்த்ததை விட அதிக நேரம் அம்புக்குறி நின்றது. நான் வைத்த பிறகுதான் நகர்ந்தது.

இதை எழுத வேண்டாம் என்று உதவி ஆய்வாளர் ஐயா சொன்னார். எழுதும்படி நான்தான் கேட்டுக்கொண்டேன். பெட்டியை இன்று ஒப்படைத்துவிட்டேன். அதில் இருப்பதை அழிக்க வேண்டாம்.

நான் சொன்னபடியே எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) சி. ரெஜினா