ஏழாவது குப்பி

நம் கூட்டத்துச் சாமுவேல் இன்று வரவில்லை, ஆகையால் சொல்கிறேன். இது அவருடைய சித்திக்கு நேர்ந்தது. கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். தண்ணீர் குடிக்க வேண்டியவர்கள் இப்பொழுதே குடித்துவிடுங்கள்... பிறகு மனம் வராது.

அந்த அம்மாளின் பெயர் சுகிர்தா. உத்திரமேரூரிலிருந்து மாகறலுக்குச் செல்லும் வழியில், ஏரிக்கரையை ஒட்டிய ஒரு சிற்றூரில் வசிப்பவள். வயது நாற்பத்து மூன்று. மணம் செய்துகொள்ளவில்லை. தாயும் காலமான பின், சிறிய ஓட்டு வீட்டில் தனியாக இருந்துகொண்டு, ரவிக்கை தைத்துப் பிழைத்து வந்தாள். எதையும் ஒழுங்காகச் செய்பவள். தைக்க வந்த துணி ஒவ்வொன்றிலும் பெயரும் தேதியும் எழுதிய சீட்டு குத்தியிருக்கும். உப்பு ஜாடியில்கூடத் தேதி ஒட்டியிருக்கும். படுக்குமுன் தாழ்ப்பாளை மும்முறை தொட்டுப் பார்ப்பாள். சில நாள்களில் அவள் முதல் வார்த்தை பேசும்பொழுது நண்பகல் ஆகியிருக்கும். தன் குரலே தனக்கு அயலார் குரல்போல் ஒலிக்கும்.

குடிநீரைச் சோதிப்பதற்கென்று அவ்வூர்ப் பெண்கள் ஐவருக்குப் பயிற்சி அளித்தார்கள். நால்வர் நாளடைவில் விலகிவிட்டனர். எஞ்சியவள் சுகிர்தா ஒருத்திதான்.

சோதனை எளியது. விரல் நீளத்தில் ஒரு கண்ணாடிக் குப்பி. உள்ளே மருந்தில் தோய்த்த தாள். குழாய்த் தண்ணீரைக் கோடு வரை நிரப்பி, மூடி, வெதுவெதுப்பான இருட்டில் வைத்துவிட வேண்டும். இரண்டு நாள் வரை நிறம் மாறாதிருந்தால் அது நல்ல தண்ணீர். கறுத்துவிட்டால்... சாக்கடை கலந்திருக்கிறது என்று பொருள். கறுத்த குப்பியைத் திறந்தால் அழுகிய முட்டையின் நாற்றம் வரும். சுகிர்தா குப்பிகளைத் தாயாரின் பழைய புடவையில் சுற்றிப் பீரோவுக்குள் வைப்பாள்.

ஊரில் ஏழு இடங்களில் தண்ணீர் பிடிப்பாள். ஏழாவது, காலனியின் கடைசி வீடு. அங்கே மங்கம்மா என்றொரு மூதாட்டி தனித்து வாழ்ந்தாள். மகன் ஒரகடத்துப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போனவன், பொங்கலுக்கு வருவான். ஊரார் எல்லாரும் பிடித்துக் குழாயை மூடிய பிறகுதான் அந்த வீட்டுக்குத் தண்ணீர் எட்டும். முதலில் காற்று வரும். புஸ்... என்று நீண்ட ஒரு மூச்சு. அதன் பின்னரே நீர்.

"ஊரு குட்ச்சிட்டு மிச்சத்ததான் எனக்கு அனுப்புறான் சின்னப்பையன்," என்பாள் மங்கம்மா. சின்னப்பையன் என்பவர் மேல்நிலைத் தொட்டியின் வால்வைத் திறந்து மூடுபவர். பெயர்தான் சின்னப்பையன், பேரன் கல்லூரியில் படிக்கிறான்.

சுகிர்தா குப்பியில் நீர் பிடித்து முடித்ததும் இருவரும் வரக்காப்பி குடிப்பார்கள். "உன் பீரோவுல பொடவய உட என் தண்ணிதான் ஜாஸ்தி கீது," என்று மங்கம்மா கேலி செய்வாள். எழுத்தறியாதவள், ஆயினும் முடிவு தெரியும் நாளில் தன் குழாயைப் பற்றித் தவறாமல் கேட்பாள்.

"என் கொயாக்கு இன்னாம்மே எயுதின?"

அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் நாள்கள்தாம் சுகிர்தாவின் மாதத்தில் பேச்சுத் துணை உள்ள நாள்கள்.

சென்ற ஆண்டு ஐப்பசி. நல்ல மழை. நவம்பர் முதல் தேதி கிராம சபை. முந்திய நாள் விடியற்காலையில்தான் குப்பிகளைப் பீரோவில் வைத்திருந்தாள். அன்று மாலையே ஊராட்சிச் செயலர் தொலைபேசியில் அழைத்து, சோதனைப் படிவத்தைப் படமெடுத்து உடனே அனுப்பும்படி கேட்டார். சுகிர்தா குப்பிகளைப் பார்த்தாள். ஏழும் தெளிவாக இருந்தன. பதின்மூன்று மணி நேரமே ஆகியிருந்தது. ஒரு கணம் தயங்கினாள்... ஏழு வரிகளிலும் 'கறுக்கவில்லை' என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

மறுநாள் விடியலில் பீரோவைத் திறந்தாள். ஏழாவது குப்பி மைபோல் கறுத்திருந்தது.

சொல்லிவிடுவது என்றுதான் கிராம சபைக்குப் புறப்பட்டாள். அங்கே அவளுடைய படிவத்தை உரக்கப் படித்தார்கள். ஏழு குழாயும் நல்ல தண்ணீர் என்று கைதட்டினார்கள். அவள் தோளில் ஒரு பொன்னாடையும் போர்த்தினார்கள். அந்தப் பொன்னாடைக்குள் அவள் வாய் அடைத்துப்போயிற்று. இன்னொரு முறை பிடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் பெட்டியில் வேறு குப்பி இல்லை.

கூட்டம் கலைந்தபொழுது மங்கம்மா அருகில் வந்து, வழக்கம்போலக் கேட்டாள். சுற்றிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

"நல்ல தண்ணிதான் பெரிம்மா," என்றாள் சுகிர்தா.

மங்கம்மா மழைக் காலத்தில் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பவள். விறகெல்லாம் ஈரமாகக் கிடப்பதால், அப்படியானால் இனிக் காய்ச்ச வேண்டியதில்லை என்று சொல்லிக்கொண்டே போனாள்.

நான்காம் நாள், அந்த வீட்டுக் குழாய் மூடப்படாமல் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டு சின்னப்பையன் உள்ளே எட்டிப் பார்த்தார். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதன் அருகில் மங்கம்மா ஒருக்களித்துக் கிடந்தாள். வாந்தியும் பேதியும் இரண்டு நாளாக இருந்திருக்கும்போலும்... கேட்பார் யார்? வயதாகிவிட்டது என்றார்கள். மகன் வந்தான், அடக்கம் செய்தான், குழாயை அறுத்து இரும்பு மூடி போட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு போனான். தெருவில் வேறு இரண்டு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு ஏற்பட்டுக் குணமாயிற்று. தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கூடுதலாகப் போட்டார்கள். சாக்கடைக்குள் செல்லும் குழாய் எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று எவரும் தோண்டிப் பார்க்கவில்லை. பார்க்கும்படி சொல்லக் கூடியவள் சொல்லவில்லை.

அதன் பிறகு சுகிர்தா ஆறு குப்பிகளே எடுத்துச் சென்றாள்.

இந்த ஆண்டு, அதே அக்டோபர் முப்பத்தொன்று. காலை மணி நான்கு நாற்பது. இரவெல்லாம் பெய்து ஓய்ந்திருந்தது. நிரம்பிய ஏரியின் உபரி நீர் கலங்கலில் வழிந்து விழும் ஓசை மட்டும். தெருவிளக்குகள் இரண்டுக்கு ஒன்று எரியவில்லை. பையில் ஆறு குப்பிகளோடு அவள் தனியாக நடந்தாள். நாய்கூட வெளியில் இல்லை.

ஐந்து மணிக்குத் தண்ணீர் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று... ஆறாவது குழாயில் பிடித்து, மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

தெருவின் கோடியிலிருந்து ஓர் ஓசை.

புஸ்...

நீண்ட மூச்சு. அதன் பின் நீர் விழும் ஒலி. குடத்தின் அடியில் விழும்பொழுது கனத்து, நிரம்ப நிரம்ப மெலிந்து, மேலே ஏறி... பிறகு நின்றுபோயிற்று. யாரோ குடத்தை இடுப்பில் ஏற்றினால் வருமே, அந்தத் தளும்பல்.

சுகிர்தா கைவிளக்கை அடித்துப் பார்த்தாள். பூட்டிய கதவு. சுவரோரம் அறுத்த குழாய். இரும்பு மூடி துருப்பிடித்து அப்படியே இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்தாள். ஆறு குப்பிகளையும் எண்ணி, சீட்டு ஒட்டி, புடவையில் சுற்றி வைத்தாள். பகல் முழுவதும் தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்தாள். யாரும் வரவில்லை.

மாலை ஆறு மணிக்கு அந்த நாற்றம் வந்தது. அழுகிய முட்டை. முதலில் மெலிதாக... பின் அறை முழுதும்.

பீரோவைத் திறந்தாள். புடவையைப் பிரித்தாள்.

ஆறு தெளிந்த குப்பிகள். அவற்றின் நடுவே ஏழாவது ஒன்று. கன்னங்கரேலென்று. தொட்டால், ஒருவர் உள்ளங்கையில் வெகுநேரம் வைத்திருந்ததுபோல் சூடாக இருந்தது.

அதில் சீட்டு ஒட்டியிருந்தது. 'மங்கம்மா வீடு' என்ற பெயர். அன்றைய தேதி. கையெழுத்து சுகிர்தாவினுடையது. ஒட்டிய நினைவு மட்டும் அவளுக்கு இல்லை.

அவ்வேளையில் தொலைபேசி ஒலித்தது. ஊராட்சிச் செயலர். நல்ல மனிதர், கனிவாகத்தான் பேசினார். காலையில் கிராம சபை, படிவம் வேண்டும் என்றார். இன்னும் நேரம் ஆக வேண்டும் என்றாள் சுகிர்தா. அவர் சிரித்தார்.

"போன வருசம் எழுதுன மாதிரியே எழுதிடுங்கம்மா. அது நல்லாத்தானே இருந்திச்சி?"

காலைக்குள் தருவதாகச் சொல்லி வைத்துவிட்டாள். படிவத்தை எடுத்து முன்னே வைத்துக்கொண்டாள். ஆறு குப்பியும் தெளிவு. ஏழாவது, இல்லாத குழாயின் தண்ணீர். அதை யாரிடம் காட்டுவது? காட்டினால் எந்தக் குழாய் என்பார்கள். அதற்கு விடை சொன்னால் சென்ற ஆண்டைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நாளைக் காலை ஐந்து மணிக்கு வால்வு திறக்கும், சாக்கடைக்குள் விரிசல் விட்ட அதே குழாய் வழியே தண்ணீர் ஓடும். நூற்றறுபது வீட்டார் குடிப்பார்கள்.

பேனாவைத் திறந்து, முதல் வரியில் 'க' என்று எழுதினாள்.

வாசற்கதவுக்கு வெளியே, தாழ்வாரத்தில், குடம் இறக்கி வைக்கும் ஓசை கேட்டது.

"என் கொயாக்கு இன்னாம்மே எயுதின?"

குரலில் கோபமில்லை. பேசிக்கொண்டிருக்க வந்தவள் கேட்பதுபோல், அவ்வளவு சாதாரணமாக இருந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

சுகிர்தா தாழ்ப்பாளைத் தொடவில்லை. பேனாவைக் கீழே வைத்தாள். வெளியே நிற்பவளும் போகவில்லை... மறுபடி கேட்கவும் இல்லை. வெகுநேரம் சென்று கதவைத் திறந்தபொழுது, சாரல் எட்டாத சிமென்டுத் தரையில் குடத்தின் அடி பதிந்த ஈர வட்டம் ஒன்று. வந்த காலடி இல்லை. போன காலடியும் இல்லை.

மறுநாள் விடியற்காலை நான்கரை மணிக்கு, வால்வு திறக்குமுன், ஏழு குப்பிகளையும் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டாள். தொட்டி ஊரின் மறுகோடியில் இருக்கிறது. ஏரிக்கரை மேல் அரை மைல் நடக்க வேண்டும். ஒரு பக்கம் நீர். மறுபக்கம் இருண்ட கழனி. தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. அவள் கரையில் ஏறியதும்... சட்டென்று அடங்கிவிட்டன.

அப்பொழுதுதான் பின்னால் கேட்டது. தளும்பல். ஓரடிக்கு ஒரு தளும்பல். அவள் நின்றால் அதுவும் நின்றது. நடந்தால் நடந்தது. பிடரியில் ஈரக்காற்று பட்டது. அந்த நாற்றம் இல்லை; சுண்டக் காய்ச்சிய வரக்காப்பியின் மணம் வந்தது.

சுகிர்தா திரும்பிப் பார்க்கவில்லை. பின்னர் சாமுவேலிடம் அவள் சொன்னாளாம்: அச்சம் இருந்ததுதான், ஆனால் ஓராண்டாகத் தன்னோடு சேர்ந்து நடந்துவர ஒருவரும் இருந்ததில்லை என்பதும் அந்நேரம் நினைவுக்கு வந்தது என்று.

தொட்டியின் கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தின் விளிம்பில் தளும்பல் நின்றுவிட்டது.

சின்னப்பையன் குனிந்து வால்வில் சாவியைப் பொருத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, கைவிளக்கை அவள்மீது அடித்தார்.

"மழ இல்லியேம்மா. முதுகு மட்டும் இன்னாத்துக்கு இப்டி நனஞ்சிகீது?"

அவள் தொட்டுப் பார்த்தாள். இடப்பக்கத் தோளிலிருந்து இடுப்பு வரை புடவை ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. பையிலிருந்த கறுத்த குப்பியை எடுக்கக் கையை விட்டாள். பையில் ஆறு குப்பிகளே இருந்தன. ஆறும் தெளிவு.

காட்டுவதற்கு இனி ஒன்றும் இல்லை. பேசாமல் திரும்பிப் போய்விடலாம். எவருக்கும் எதுவும் தெரியாது.

"தொறக்காதண்ணா," என்றாள். "போன வருசம் மங்கம்மா பெரிம்மா வூட்டுத் தண்ணி கறுத்துப்போச்சி. நான் கறுக்கலன்னு எழுதிட்டேன். பெரிம்மா வந்து கேட்டப்பவும் நல்ல தண்ணின்னு சொன்னேன்."

சின்னப்பையன் வால்விலிருந்து சாவியைக் கழற்றித் தரையில் வைத்தார். குடத்தருகில் கிடந்தவளைக் கண்டவர் அவர்தானே.

ஏரிப் பக்கம் இருளில் தவளைகள் மீண்டும் கத்தத் தொடங்கின.

தண்ணீர் ஏன் விடவில்லை என்று கிராம சபையில் நூறு பேர் கேட்பார்கள், தான் என்ன சொல்வது என்று மெல்லக் கேட்டார்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்ணா," என்றாள் சுகிர்தா. "நான் எழுந்து சொல்றேன்."