கொதிக்கும் கூழில் ஊற்றிய நொதி

பெயரும் முகவரியும் மேலே குறித்தபடி. வயது ஐம்பத்திரண்டு. வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவன். மனைவியின் தம்பி நடத்தும் மாவு ஆலையில் ஆய்வுக்கூடப் பொறுப்பாளராக இருக்கிறேன். கல்லூரி வேலையை விட்டுவிட்டு வரச் சொன்னவர் அவர்தான். மரவள்ளிக் கிழங்கு மாவை, குடலில் எளிதில் சர்க்கரையாக மாறாத மாவாக ஆக்கும் முறையை அங்கே உருவாக்கியவன் நான். காப்புரிமை அவர் பெயரில் இருக்கிறது. சர்க்கரை நோயாளிகள் அதை வாங்குகிறார்கள்.

மாவைக் கூழாகக் காய்ச்சி, சூடு தணிந்த பிறகே, அந்த மாற்றத்தைச் செய்யும் நொதியைச் (என்சைம்) சேர்க்க வேண்டும். சென்ற திங்கட்கிழமை குளிர்விக்கும் குழாயில் தண்ணீர் வரவில்லை. கூழ் காய்ச்சும் கொப்பரைக்காரரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்ததும், முதலாளியான மைத்துனர் சொன்னபடி கொதிக்கும் கூழிலேயே நொதியை ஊற்றிவிட்டதாகக் கொப்பரைக்காரர் சொன்னார். அதன் பிறகு நான் முதலாளியிடம் போய், சூட்டில் நொதி செத்துவிட்டது, இனி இது சாதாரண மாவு என்று சொன்னேன்.

"செத்துப்போச்சா? ஒரு பாட்டம் அழுதுட்டு வேலையைப் பாருங்க அத்தான்" என்றார். கூட வந்திருந்த கொப்பரைக்காரர் சிரித்தார்.

அதன் பிறகு, மாவு உலர்ந்ததும் செரிமான நொதியை விட்டுச் சோதித்தேன். பாதிக்கு மேல் கரையாமல் நிற்க வேண்டியது, முழுக்கக் கரைந்து சர்க்கரைத் தண்ணீராக நின்றது. முடிவை எழுதி அவர் மேசையில் வைத்தேன். அவர் அதன்மேல் டீ டம்ளரை வைத்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் கிடங்குக்குப் போனபோது அதே மாவு பாக்கெட்டுகளில் அடைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றிலும் 'பரிசோதித்து உறுதி செய்தவர்' என்று என் பெயரும் பட்டமும் அச்சாகியிருந்தன. பல வருடங்களாக நான் கேட்டும், இடமில்லை என்று மறுக்கப்பட்டது அது.

"பேரு பேருன்னு மூக்கால அழுதீங்களே, போட்டாச்சு. அதுக்கும் மூஞ்சியத் தூக்கினா எப்படி?" என்றார் அங்கே நின்ற முதலாளி.

"சுகர் உள்ளவங்க நம்பிச் சாப்பிடுவாங்கடா."

"மாவுதானே, விஷமா?"

அதன் பிறகு கிழங்கு சீவும் கத்தியால் பாக்கெட்டுகளைக் கிழித்து, குழாயைத் திறந்து நனைத்தேன். கத்தியை யார்மீதும் ஓங்கவில்லை. என் மனைவி வந்து தம்பியின் பக்கத்தில் நின்றாள்.

காலையிலேயே ஒரு வண்டி சரக்கு போய்விட்டதாகக் காவலாளி சொன்னார். அதைத் திரும்பப் பெற வேண்டும் என்று இந்த வாக்குமூலத்தில் எழுதச் சொன்னேன். முதலாளி கொடுத்த சொத்துச் சேத வழக்கில் அது சேராது என்று விசாரணை அதிகாரி கூறினார். எழுதாவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்றதால் எழுதப்பட்டது: அந்த மாவைச் சர்க்கரை நோயாளிகள் சாப்பிடக் கூடாது. பாக்கெட்டில் என் பெயர் இருக்கிறது, நம்ப வேண்டாம்.

படித்துக் காட்டப்பட்டது. நான் கூறியதும் நடந்ததும் இதுவே.

(கையொப்பம்)