ஐஸ் றூமுக்கு ரெண்டு பேர்

இல்லை பிள்ளை, இந்தக் கதிரை காணும். பையை வாங்காதை, அது காலடியில கிடக்கட்டும். ஓம், வேலையை விட்டுட்டன் எண்டு போனில சொன்னாய்தான். நான் சொல்லுறதையும் கேட்டுட்டு விடன்.

என்னை ஏன் முறைப்பாட்டுக் குழுவுக்குத் தலைவியாப் போட்டவை தெரியுமோ? நல்ல மனுசி எண்டில்லை. நண்டு அவிக்கிற மெசின் ஓடேக்கையும் இந்த அற்புதத்தின்ர குரல் கேக்கும் எண்டுதான். சிரிக்காதை. வவுனியாவில ஒரு ஹோட்டல்ல வகுப்பு வைச்சவை. வேலை செய்யிற இடத்தில பெட்டையளுக்கு ஆரும் தொந்தரவு குடுத்தா என்ன செய்யவேணும் எண்டு. நல்ல ஏசி. மத்தியானம் கோழிப் புரியாணி. பேந்து நான் என்னத்தைக் கேட்டன்? கண்ணைத் திறக்கேக்கை எல்லாரும் கை தட்டுகினம், நானும் தட்டினன். அந்தப் படிப்போடதான் கழுத்தில அட்டையைக் கொழுவிக்கொண்டு வந்து உங்களுக்கு முன்னால நிண்டனான். என்ன நடந்தாலும் அக்காட்டைச் சொல்லுங்கோ எண்டு.

அக்கா! அதுதான் பிழைச்ச இடம். எங்கட நண்டுக் கொம்பனியில ஆரைக் கண்டாலும் அண்ணா, அக்காதானே. சுப்பவைசர் வின்சன் உங்களுக்கு வாயால அண்ணா. எனக்குக் கூடப்பிறந்த தம்பி. தம்பியைப் பற்றி அக்காட்டை எந்தப் பெட்டை வந்து சொல்லுவாள்? மூளையிருக்கிற ஆருக்கும் விளங்கும். எனக்கு விளங்கேல்லை.

பிறகு நீங்களெல்லாம் ஐஸ் றூமுக்கு ரெண்டு ரெண்டு பேராப் போகத் தொடங்கினியள். ஒரு சின்னத் தட்டு நண்டுச் சதை, அதைத் தூக்க ரெண்டு பேர். நான் என்ன நினைச்சன் தெரியுமோ? ஒற்றுமை! எங்கட பிள்ளையள் சகோதரங்கள் மாதிரி ஒட்டிப்போச்சுதுகள் எண்டு கூட்டத்தில எழும்பிப் பெருமையாச் சொன்னனான். மனேஜர் றம்சீனும் தலையாட்டினவர். நீ குனிஞ்சு கோதுடைச்சுக்கொண்டு இருந்தாய். இந்த மனுசிக்கு வாய் மட்டும்தான் எண்டு நினைச்சிருப்பாய். மறுக்காதை.

அண்டைக்கு உன்னோட சோடியாப் போற கஜனி லீவு. அக்கா, என்னோட ஐஸ் றூமுக்கு வாறீங்களோ எண்டு என்னைக் கேட்டாய். உள்ளுக்குப் பேயோ இருக்கு, போட்டு வா எண்டன். நீ தட்டைத் தூக்கிக்கொண்டு போனாய். போன விதம் எனக்குச் சரியாப் படேல்லை, பின்னால வந்தன். கதவைத் திறந்தா என்ர தம்பி உன்னைச் சுவரோட மறிச்சுக்கொண்டு நிக்கிறான். நீ தட்டை நெஞ்சோட இறுக்கிப் பிடிச்சிருக்கிறாய். குளிருக்கில்லை. என்னைக் கண்டவுடன சிரிச்சான் பாத்தியே, அக்கா, சும்மா பகிடிக்கு எண்டு.  

இண்டைக்குக் காலமை விசாரணை. றம்சீன் நல்ல மனுசன். அக்கா, உங்கட தம்பி, யோசிச்சுச் சொல்லுங்கோ எண்டார். யோசிச்சா நான் பொய் சொல்லிப்போடுவன், இப்பவே எழுதுங்கோ எண்டன். மெசினுக்கு மேலால கேக்கிற குரல், வின்சன் எண்டு சொல்லேக்கை எனக்கே கேக்கேல்லை. திருப்பிச் சொல்லச் சொன்னவர். திருப்பிச் சொன்னன். ஆர் அந்தப் பிள்ளை எண்டும் கேட்டவை. அவள் தானா வந்து சொன்னாச் சொல்லட்டும், நான் கண்டது காணும் எண்டிட்டன். மத்தியானத்தோட அவனை நிப்பாட்டிப்போட்டினம். அதுக்குப் பிறகுதான் கஜனியும் உங்களோட கோதுடைக்கிற வீரம்மாவும் வந்து, தங்களுக்கும் நடந்ததெண்டு வாயைத் திறக்கினம்.

ஏன் அழுறாய்? நாளைக்கு வா. நீ தட்டோட தனியப் போய்த் தனிய வாறதை நான் பாக்கவேணும்.

என்ன, பஸ்ஸோ? நெடுங்கேணியால போற கடைசி பஸ் போட்டுது, தெரியும். பைக்குள்ளயோ? ரெண்டு சீலையும் ஒரு துவாயும்தான். நான் இருக்கிறது வின்சன்ர வீட்டிலதானே. படலையைப் பூட்டிப்போட்டினம். அம்மாதான் பூட்டினவா. வேலிக்கு மேலால பையையும் எறிஞ்சவா. ஆனா சீலையெல்லாம் வடிவா மடிச்சுத்தான் வைச்சிருக்கிறா.

அது கிடக்கட்டும். உங்கட வீட்டில ஒரு பாய் மேலதிகமாக் கிடக்குமோ, பிள்ளை?