நமிசாக்கியின் சமையல்காரன்

கோழிச்சாறு கலங்காமல் வரவேணுமெண்டால் அடுப்பைக் குறைச்சு வச்சிட்டுப் பொறுமையா நிக்கவேணும். எனக்கு அந்தப் பொறுமை இருக்கு. அதைப் பார்த்துத்தான் முதலாளி என்னை வேலைக்கு எடுத்தவர்.

என்ட பேர் மரியதாசன். மட்டக்களப்பு, கல்லடி. முதலாளியை ஜப்பான்ல நமிசாக்கி எண்டு சொல்லுவாங்களாம்; சுமோ மல்யுத்தத்துக்காக வச்ச பேர். மீன்பிடிகாரர் ஒருத்தர்ட மகன். பதினைஞ்சு வயசில பயிற்சிக்கூடத்தில சேர்ந்து, பன்னிரண்டு வருசம் மூத்த வீரர்களுக்குச் சமைச்சு, முதுகு தேய்ச்சு, அவங்க சாப்பிட்டு மிஞ்சினதைச் சாப்பிட்டு வளர்ந்தவர். பிறகு நாலு வருசம் மேல்வகுப்பில மோதினார். நூற்றியறுபது கிலோ. ஒருநாள் வளையத்துக்குள்ளயே வலது முழங்கால் முறிஞ்சுது. சுமோ வீரருக்கு அடையாளமான குடுமியை வெட்டி அனுப்பிட்டாங்க.

கெபெக் மனுசி ஒருத்தியைக் கட்டி, கனடாவில மொன்றியலுக்கு வந்தார். அவ பிரிஞ்சு போனா. இவர் அங்க நோத்ர-டாம்-த-கிரேஸ் எண்ட பகுதியில, சுமோ வீரர்கள் சாப்பிடுற சாங்கோ சூப் விக்கிற கடை திறந்தார். 2001ல நான் போய்ச் சேர்ந்தன். பாதி பிரெஞ்சிலயும் பாதி கையாலயும் எனக்குச் சமையல் காட்டித் தந்தார். என்ட முழுப்பேர் வாயில வராது. மரியா எண்டுதான் கூப்பிடுவார்.

2003ல, ஊரில இருந்த என்ட மனுசி றோஸ்மேரியைக் கூப்பிட விண்ணப்பம் போட்டன். வேலை தாறவர்ட கடிதம் நேரா குடிவரவுக் கந்தோருக்குப் போகவேணுமெண்டாங்க. முதலாளி எனக்கு முன்னாலயே எழுதி, உறையை ஒட்டி, முத்திரையும் வச்சார். இரண்டுதரம் கேட்டன். "போட்டாச்சு, மரியா" எண்டார்.

அடுத்த கோடையில, கடிதம் வரல்ல எண்டு கோப்பை மூடிட்டாங்க. தபால்ல தொலைஞ்சிருக்கும், திரும்பப் போடுவம் எண்டு தோளைத் தட்டினார். அந்த மார்கழியில கல்லடிக்குள்ள கடல் வந்துது. றோஸ்மேரியை நாலாம் நாள்தான் எடுத்தாங்க. முதலாளி கடையை ஒரு கிழமை பூட்டிட்டு, என்னோட நிலத்தில இருந்து அழுதார். கூடப்பிறந்தவங்ககூட அப்பிடி இருந்திருக்க மாட்டாங்க.

2006ல அவருக்கு நீரிழிவால கண் மங்கத் தொடங்கிச்சுது. மேசை லாச்சியில இருந்து ஒரு காப்புறுதித் தாள் எடுத்துத் தரச்சொன்னார். பழைய சுமோ தரவரிசைத் தாள்களுக்கு நடுவில அந்த உறை இருந்துது. முத்திரை வச்சபடி, ஒட்டினபடி. அதை இருந்த இடத்திலயே வச்சிட்டு, அவர் கேட்ட தாளை எடுத்துக் குடுத்தன்.

நஞ்சு வைக்கல்ல. அதைத் தெளிவா எழுதிக்கொள்ளுங்க. டொக்டர் சீனி கூடாதெண்டவர். நான் அவர்ட கோப்பைக்கு மட்டும் கொஞ்சம் கூடப் போட்டன். அடுத்த வருசம் கண் முழுக்கப் போயிட்டுது. இன்சுலின் ஊசியையும் நான்தான் போடவேண்டி வந்துது. மூண்டு நாளைக்கு ஒருதரம் மருந்துக்குப் பதிலா ஊசியில தண்ணி ஏத்தினன். கொதிக்கவச்சு ஆறின சுத்தமான தண்ணி. வீட்டுக்கு வாற நேர்ஸ் என்னைப்போல ஒருத்தரைக் கண்டதில்லை எண்டு சொல்லுவா. பிறகு மூண்டு கால்விரலை வெட்டி எடுத்தாங்க. காலைத் தூக்கி நிலம் அதிர மிதிக்கிற பயிற்சியை அதுவரைக்கும் ஒரு காலமையும் விடாத மனுசன், அதோட விட்டிட்டார்.

போன மாசி மாசம், கஞ்சி குடிச்சு முடிய, "மரியா, அந்தக் கடிதத்தை நான் போடல்ல" எண்டார்.

நான் கோப்பையைக் கழுவிக்கொண்டு நிண்டன். அவர் விடாமல் சொன்னார். ஒரு போட்டித்தொடரின் மூண்டாம் நாள் அவர்ட தாய் செத்திட்டாவாம். பயிற்சிக்கூடத்துக் குருநாதர் தந்தியை ஒளிச்சு வச்சிட்டாராம். இவர் தொடர் முழுக்க மோதி, பத்துத்தரம் வெண்டு, மேல்வகுப்புக்கு ஏறினார். தாய் செத்தது பன்னிரண்டு நாள் கழிச்சுத்தான் தெரியும்.

"குருநாதர் செய்தது சரியெண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சன். உன்ட மனுசி வந்தா நீ போயிடுவாய். எனக்கு வேற ஆரும் இல்ல. மன்னிப்பியா?"

"மன்னிச்சிட்டன்" எண்டன்.

பொய் இல்ல. நெஞ்சில இருந்த பாரம் இறங்கிட்டுது. அண்டைக்கு நல்லா நித்திரை கொண்டன். காலமை எழும்பித் தண்ணியைக் கொதிக்கவச்சு, ஆறவிட்டு, ஊசியில ஏத்திப் போட்டன். அடுத்த நாளும் தண்ணிதான். அதுக்குப் பிறகு மருந்தே ஏத்தல்ல. ஆறாம் நாள் அவர் கண் முழிக்கல்ல.

கோபத்தில செய்ததெண்டு எழுதாதீங்க. கோபம் அதுக்கு முதலே முடிஞ்சுபோச்சு. வாசிச்சுக் காட்டின வாக்குமூலம் எல்லாம் சரி, கையெழுத்து வைக்கிறன். ஒரு திருத்தம் மட்டும். நம்பிக்கைத் துரோகம் எண்டு ஓரிடத்தில போட்டிருக்கிறீங்க. அதை வெட்டிவிடுங்க. அது அவர் செய்தது.