ஃபாதர மேல விடாதீங்க

— ஃபாதர மேல விடாதீங்க நர்ஸ் மிஸ்ஸி! உங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன்.

— மெதுவாப் பேசுங்க ஆம்ப்ரோஸ் அண்ணே, உள்ள ஆறு புள்ளைங்க தூங்குது. உங்க சம்சாரம் ஆனி அக்காதான் ஃபாதருக்குப் போன் பண்ணச் சொன்னாங்க. பதினோரு மணிக்குப் பெரிய டாக்டர் உங்க மகளுக்கு மூச்சு டியூப எடுக்கப் போறாரு. அதுக்கு முன்னாடி ஞானஸ்நானம் குடுத்துடணும்னு வார்டுல ஒரே அழுகை.

— அழட்டும்! எழுபத்தாறாம் வருஷம் மூத்தவனுக்கும் இதே கதைதான். ஃபாதர் வந்தாரு, நெத்தியில தண்ணி ஊத்தினாரு. அரை மணி நேரம், அவ்ளோதான். பெட்டிய என் மடியில வச்சு வேன்ல எடுத்துட்டுப் போனேன் மிஸ்ஸி. பத்து வருஷம் கழிச்சுப் பொறந்தவ இவ.

— ஐயோ பாவமே... ஆனா அதுக்குத் தண்ணி என்னண்ணே பண்ணும்? அந்தப் புள்ளைக்கு நுரையீரல் விரியலன்னு அக்கா சொன்னாங்க. அப்ப இந்த மூச்சு மெஷினும் இல்ல.

— பூசை தவறாதவன் பேசுற பேச்சா இதுன்னு கேப்பீங்க. கேளுங்க! தண்ணி பட்டா இவளும் போயிடுவா. என் நெஞ்சு அடிச்சுச் சொல்லுது.

— நேத்து வரைக்கும் மெஷின் நிமிஷத்துக்கு முப்பது மூச்சு குடுத்துச்சு. இன்னைக்குப் பத்துதான் லா. மிச்சத்த அவளே இழுக்குறா.

— டியூப எடுத்த பெறகு இழுக்கலேன்னா?

— திரும்பப் போடுவோம். நான் பக்கத்துலயே நிப்பேன்.

— நீங்க நல்லவங்கதான். ஆனா திருநீறு பூசுறவங்களுக்கு எங்க பயம் புரியாது.

— புரியும்ணே. பிரசவ ஆப்பரேஷனுக்கு உள்ள போறப்ப அக்கா என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. ‘சந்திரமதி, புள்ளைக்கு ஏதாச்சும்னா நீயாவது தண்ணி ஊத்திடு’ன்னாங்க. அவசரத்துக்கு யாரு வேணா ஊத்தலாமாமே உங்க வேதத்துல?

— ஆமா, யாரு வேணா... இருங்க. ஊத்துனீங்களா?

— புள்ள பொறந்த அன்னைக்கு நீங்க பூன் லே வேலையிலேருந்து வந்து சேரல. புள்ள நீலமாயிடுச்சு, இதயம் நின்னு நின்னு அடிக்குது. அக்கா சொல்லிக் குடுத்த வார்த்தைய அப்படியே சொல்லி ஊத்திட்டேன். அவங்ககிட்டகூட வாயத் தொறக்கல, பயந்துருவாங்கன்னு.

— அப்ப... என் மக...

— தண்ணி பட்ட புள்ளதாண்ணே. பட்டு இன்னையோட ஒம்பது நாளு.